கையெழுத்தில்லாத துண்டுகள்

எங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ்தான் என்னை இதற்குள் இழுத்துவிட்டார். தரம் 6 பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில், கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி போட வேண்டும். சம்மதம் கேட்டு அனுப்பிய துண்டுகள் சில கையெழுத்தில்லாமலே திரும்பி வந்துவிட்டன. "நான் சொன்னால் வேலைக்காகச் சொல்றன் எண்டுவினம். நீங்க வந்து கதையுங்கோ அக்கா" என்றார். எனக்கு அந்தப் புற்றுநோய் வந்து சுகமான கதை அவருக்குத் தெரியும். 45 வயதில் சுகவனிதையர் கிளினிக்குக்கு விடாமல் கூப்பிட்டு, கருப்பைக் கழுத்தில் புற்றுநோய் அறிகுறி இருக்கிறதா என்று பார்க்கும் பாப் பரிசோதனையைச் செய்வித்தவரே அவர்தான்.

போனால், மண்டபத்தில் தாய்மாரைவிட அம்மம்மாமார்தான் கூட. திருகோணமலையில் இது புதினமில்லை, தாய்மார் பலர் மத்திய கிழக்கில். ஒரு அம்மம்மா எடுத்தவுடனேயே கேட்டார்: "பதினொரு வயசுப் பிள்ளைக்கு இந்த ஊசி போட்டால் ஊர் என்ன கதைக்கும் பிள்ளை?"

எச்.பி.வி. உடலுறவால் தொற்றும் வைரஸ், அதை மறைத்துப் பேசிப் பயனில்லை. "எனக்கு என்ர மனுசனைத் தவிர வேறு ஆள் இல்லை அம்மா. எனக்கும் வந்தது" என்றேன். உண்மையில் அப்படி ஒரு சாட்சிப் பத்திரம் யாரும் வாசிக்கத் தேவையில்லை. யாருக்கு வந்தாலும் நோய் நோய்தான். ஆனால் அதைச் சொன்ன பிறகுதான் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

இந்த வைரஸ் அநேகமானோருக்கு வாழ்க்கையில் ஒருமுறையாவது தொற்றும், பெரும்பாலும் உடம்பே அதை விரட்டிவிடும். சிலருக்கு மட்டும் தங்கி, பதினைந்து இருபது வருடம் கழித்துப் புற்றாகலாம். 16, 18 என்ற இரண்டு வகைதான் இந்தப் புற்றுநோயில் ஏறக்குறைய 70 வீதத்துக்குக் காரணம். வைரஸ் தொற்றுவதற்கு முன்னமே போட்டால்தான் ஊசி நன்றாக வேலை செய்யும், அதனால்தான் இந்த வயது. இலங்கையில் 2017இலிருந்து இலவசமாகப் போடுகிறார்கள்.

அடுத்த கேள்வி, பிள்ளைப்பேறு கெடுமா என்பது. ஊசியால் கெடாது. கெடுப்பது நோயும் அதற்கான வைத்தியமும்தான். அதை நான் படித்துச் சொல்லவில்லை. இரவு பஸ்ஸில் கொழும்புப் புறக்கோட்டை, அங்கிருந்து 138 பஸ்ஸில் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரி. திங்கள் முதல் வெள்ளி வரை கரண்ட் பிடிப்பார்கள், அதாவது கதிர்வீச்சு வைத்தியம். மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும் என்று போத்தல் தண்ணீரைக் குடித்துவிட்டு வாங்கில் இருக்க வேண்டும். மெஷின் பழுது, கொஞ்சம் பொறுங்கள் என்பார்கள். கால் இரண்டையும் இறுக்கிக்கொண்டு, பக்கத்தில் இருக்கும் சிங்களப் பெண்ணைப் பார்த்துச் சிரிப்பேன், அவரும் அதே நிலையில்தான் சிரிப்பார். கடைசியில் கருவியை உள்ளே வைத்தும் கரண்ட் கொடுத்தார்கள். அதைப் பற்றி மண்டபத்தில் விரித்துச் சொல்லவில்லை, இங்கும் வேண்டாம். மாதவிடாய் அதோடு நின்றுபோனது. எனக்குப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

ஊசியால் கை நோகும், சில பிள்ளைகளுக்குத் தலைசுற்றும். அதற்காகத்தான் போட்டவுடன் கால் மணித்தியாலம் இருத்தி வைக்கிறார்கள். காலையில் சாப்பிடாமல் மட்டும் அனுப்பாதீர்கள். ஆறு மாதத்தில் இரண்டாவது ஊசி. அன்றைக்குப் பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை என்றால் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையில் கேளுங்கள். அப்புறம், ஊசி போட்ட பிள்ளையும் வளர்ந்த பிறகு பாப் பரிசோதனை செய்யத்தான் வேண்டும். எல்லா வகை வைரஸையும் ஊசி தடுக்காது.

அன்று பெரும்பாலானோர் அங்கேயே கையெழுத்து வைத்தார்கள். ஒரு தாய் மட்டும் மறுத்துவிட்டார். கட்டாரில் இருக்கும் தகப்பன் வேண்டாம் என்றாராம், ஏதோ வீடியோ பார்த்தாராம். அந்தத் தகப்பனுடைய வாட்ஸ்அப் நம்பரை வாங்கி வொய்ஸ் மெசேஜ் ஒன்று அனுப்பியிருக்கிறேன். இரண்டு நீலக் கோடும் விழுந்துவிட்டது, பதில்தான் இன்னும் இல்லை.