பிராணியைக் கைவிடாமலே உதவி பெற

தங்க இடமோ மருத்துவமனைப் படுக்கையோ தயாராக இருந்தும் ஒருவர் வரத் தயங்கினால், வீட்டில் ஒரு பூனையோ நாயோ இருக்கலாம். "பூனைக்காகவா?" என்று சிரித்துவிடுவார்களோ என்ற கூச்சத்தில் அதைச் சொல்லமாட்டார்கள். உதவி செய்யும் நாமே முதல் அழைப்பிலேயே கேட்டுவிட வேண்டும்: "உங்களை நம்பி வீட்டில் குழந்தைகள், பெரியவர்கள், பிராணிகள் இருக்கிறார்களா?" மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டால் பதில் எளிதாக வரும். 2005-இல் கத்ரீனா புயலின்போது பிராணிகளை விட்டு வரமாட்டோம் என்று பலர் வெள்ளத்திலேயே தங்கிவிட்டார்கள். அதன் பிறகுதான், 2006-இல், வெளியேற்றத் திட்டங்களில் பிராணிகளையும் சேர்க்க அமெரிக்கா சட்டம் செய்தது.

அடுத்த கேள்வி: எத்தனை நாளைக்கு? பல சமயம் இரண்டு வாரத் தீவனமோ, தினமும் வந்து பார்க்க ஒரு ஆளோ போதும். அதற்கு மேல் என்றால் தற்காலிகப் பராமரிப்பு. இங்கேதான் அவசரத்தில் தவறான தாளில் கையெழுத்து விழுகிறது. ஒப்படைப்புப் படிவம் என்றால் உரிமையே போய்விடும். பராமரிப்பு ஒப்பந்தத்தில் உரிமை உரியவரிடமே இருப்பதாக எழுதியிருக்க வேண்டும். முடியும் தேதி, நீட்டிக்கும் முறை, மருத்துவச் செலவு யாருடையது, எந்தத் தொகைவரை கேட்காமல் செலவழிக்கலாம், உரியவர் கிடைக்காவிட்டால் அறுவை சிகிச்சைக்கு யார் சம்மதிப்பது, எல்லாம் அதில் வரட்டும். தேதியைக் காலியாக விட்ட ஒப்பந்தம்தான் பிறகு சண்டையாகிறது.

வன்முறையிலிருந்து வெளியேறுபவருக்கு இன்னும் கவனம் தேவை. மிரட்ட அந்தப் பிராணியையே ஆயுதமாக்குவது சகஜம். தடுப்பூசி அட்டை, மருத்துவ ரசீது, சேர்ந்து எடுத்த படங்கள் ஆகியவற்றைக் கிளம்பும் முன்பே படமெடுத்துப் பாதுகாப்பான இடத்துக்கு அனுப்பிவிடட்டும். பிறகு "என்னுடையது" என்று நிரூபிக்க அவைதான் உதவும். கழுத்துப்பட்டையில் இடங்காட்டி இருந்தால் கழற்றுங்கள். தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப்பைக் கண்டு பயப்பட வேண்டாம். அதில் இருப்பது ஒரு எண் மட்டுமே, இருக்கும் இடத்தை அது காட்டாது. ஆனால் பதிவேட்டில் மிரட்டுபவரின் தொலைபேசி எண் இருந்தால், பிராணி தொலைந்த அன்று தகவல் அவருக்குத்தான் போகும். அந்தப் பதிவை மாற்றப் பாருங்கள். பழைய மருத்துவரிடம் போனால் வழக்கமான கோப்பிலிருந்து தகவல் கசியலாம். கோப்பின் நகலோடு வேறு மருத்துவரிடம் போவது மேல். பராமரிப்பவருக்கு வெளியேறியவரின் இருப்பிடமும், வெளியேறியவருக்குப் பராமரிப்பவரின் முகவரியும் தெரியாமல், நடுவில் ஒருவர் படங்களைக் கைமாற்றட்டும். சமூக வலைத்தளத்தில் ஒரு படம்கூட வேண்டாம்.

பிராணியுடன் ஏழு நாளுக்கான அதே தீவனம், மருந்தும் அதன் அளவும், துவைக்காத ஒரு துணி (வாசனைக்காக) போகட்டும். தீவனம் மாற்ற வேண்டுமென்றால் இரண்டு நாளுக்கொரு தடவை கால் பங்காக மாற்றுங்கள்; ஒரேயடியாக மாற்றினால் வயிற்றுப்போக்கு.

பூனைக்கு ஒரு சிறிய அறை, ஒளிந்துகொள்ள அட்டைப்பெட்டி, மலத்தட்டு. ஒளிந்திருந்தால் இழுக்காதீர்கள். ஆனால் இரண்டு நாள் எதுவுமே தின்னாவிட்டால் காத்திருக்காதீர்கள். பட்டினியில் கல்லீரலில் கொழுப்பு படியும், குண்டுப் பூனைக்கு ஆபத்து அதிகம். நாய் முதல் சில நாட்களில் தப்பி ஓடப் பார்க்கலாம். கழுத்துப்பட்டையிலும் மார்புப்பட்டையிலும் தனித்தனிக் கயிறு போடுங்கள். தடுப்பூசி விவரம் தெரியாவிட்டால் மற்ற பிராணிகளிடமிருந்து 14 நாள் விலக்கி வையுங்கள். நாய்க்குக் கடும் வயிற்றுப்போக்கு தரும் பார்வோ கிருமி சோப்புக்குச் சாகாது. அழுக்கை நன்றாகக் கழுவியபின் 30 பங்கு நீருக்கு 1 பங்கு ப்ளீச் கலந்து, 10 நிமிடம் ஈரமாகவே விட வேண்டும்.

திரும்பக் கொடுக்கும் நாளிலும் ஏழு நாள் தீவனமும், இடையில் போட்ட ஊசிகளின் பதிவும் கூடவே போகட்டும்.