மிச்சமிருக்கும் ஒரு கம்பு

ஜூன் 4
சீமையத்திக் கம்பின் இலை இரண்டும் தொங்கிவிட்டன. காலையில் தண்ணீர் விட்டேன், மத்தியானம் இன்னொரு தடவை விட்டேன். அம்மா திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள், எதுவும் சொல்லவில்லை.

ஜூன் 5
அப்படியேதான். இடவப்பாதி மழை இரவெல்லாம் கொட்டியது. தொட்டியைக் கூரை இறவாணத்துக்கு உள்ளே நகர்த்தினேன்.

ஜூன் 6
கிழக்கு வீட்டு மாமா வந்தார். ரப்பர் நாற்றுப்பண்ணையில் ஆயுசு முழுவதும் வேலை பார்த்தவர். இலையைப் பார்க்கவே இல்லை. மண்ணுக்குள் விரலைவிட்டு எடுத்து முகர்ந்தார்.

"வெள்ளம் கோரிக் கோரிக் கொன்னு போட்டியே மக்களே. இது தாகத்துக்குத் தொங்கல்ல. வேரு மூச்சு முட்டிக் கெடக்கு."

நானும் முகர்ந்தேன். ஓடைச் சேற்று நாற்றம். தொட்டியில் கொசு மாதிரி சின்னச் சின்னக் கறுப்பு ஈக்கள் இருப்பதையும் அப்போதுதான் கவனித்தேன். எத்தனை நாளாக இருந்தனவோ.

மாசியில் அப்பாவின் அத்தி மரத்தில் ஆறு கம்பு வெட்டினேன். ஐந்து போயிற்று. இது ஒன்றுதான்.

ஜூன் 7
இன்று முழுக்க இதே வேலை.

தொட்டியைச் சரித்து மண்ணோடு எடுத்தேன். உதறவில்லை, வாளித் தண்ணீரில் முக்கி மண் தானாகக் கரையும்வரை பிடித்துக்கொண்டேன். பாட்டில் தண்ணீரில் விட்ட வேர்கள் கண்ணாடி மாதிரி, சும்மா தொட்டாலே ஒடியும். பாதிக்குமேல் பழுப்பு. விரலால் இழுத்தால் தோல் உறைபோல் கழன்று வந்து உள்ளே நூல் மட்டும் நின்றது. அதையெல்லாம் வெட்டினேன். பிளேடைக் கொதிநீரில் போட்டுத்தான் எடுத்தேன். வெள்ளையாக, முறுக்காக இருந்தவை நான்கு. நான்குதான்.

அப்புறம் பெரிய இலையை எடுத்துவிடச் சொன்னார் மாமா. கம்பில் முதலில் வந்த இலை அது. வந்த அன்று அம்மாவைக் கூட்டிவந்து காட்டினேன். இப்போது புரிகிறது, கம்பு தன்னிடம் சேர்த்து வைத்திருந்ததைக் கொண்டு விட்ட இலை அது, வேர் கொடுத்ததல்ல. நான்கு வேரால் இரண்டு இலைக்குத் தண்ணீர் ஏற்ற முடியாது. வெட்டினேன். பால் வடிந்தது. ரப்பர் பால்போலவே வெள்ளை. கையில் பட்ட இடம் சாயங்காலம்வரை அரித்தது.

பெரிய தொட்டியில் வைத்ததும் தப்பு. சின்ன வேர், சுற்றிலும் அத்தனை ஈரமண், குடித்துத் தீராது. சாணிப்பொடி போட்டது அதைவிடத் தப்பு. இப்போது ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை இரண்டாக வெட்டி, அடியில் ஆணியைச் சுட்டு எட்டு ஓட்டை போட்டேன். பாதி ஆற்றுமணல், பாதி கதம்பல் தூள், தேங்காய் நார்த் தூள்தான். தூளை உப்புப் போக மூன்று தண்ணீரில் அலசினேன். மேல்பாதி பாட்டிலையே மூடியாகக் கவிழ்த்தாயிற்று. வேருக்கு வெளிச்சம் ஆகாது, அதனால் சுற்றிலும் பழைய தினசரி.

வடக்குத் திண்ணையில் இருக்கிறது. வெயில் படாது, வெளிச்சம் உண்டு.

ஜூன் 8
தூக்கமில்லை. இரண்டு தடவை டார்ச் அடித்துப் பார்த்தேன்.

ஜூன் 10
அண்ணன் போன் செய்தான். ஆடி பிறக்கும் முன்னால் இந்த வீட்டை விட்டுப் போய்விட வேண்டுமாம். ஜூலை 12 நல்ல நாளாம். கம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. மைனிதான் கேட்டாள்.

ஜூன் 13
மிச்ச இலையும் மஞ்சள்.

ஜூன் 14
விழுந்துவிட்டது. இப்போது வெறும் குச்சி. பென்சில் தடிமன், ஒரு சாண் உயரம். அதற்குக் காவலிருக்கிறேன்.

ஜூன் 15
நகத்தால் ஓரிடத்தில் துளியூண்டு சுரண்டினேன். உள்ளே பச்சை. அம்மாவிடம் சொன்னேன். "ஒருக்க பாத்தாச்சுல்லா. இனி சொரண்டாத மக்களே" என்றாள்.

ஜூன் 18
பெரிய மரத்தடியில் நெடுநேரம் நின்றேன். மழை பிடித்ததும் வழக்கம்போல் இலைக்கு அடியில் துரு நோய். பழுப்புப்பொடி கையில் ஒட்டியது. கீழே பாதி இலை. இந்த ஊர் மழை இதற்கு ஒத்துக்கொள்வதே இல்லை, மழையில் பழுத்த பழம் வெடித்துப் புளித்துவிடும். பங்குனி வெயிலில் பழுப்பதுதான் பழம். நாலைந்துதான் கிடைக்கும், அணிலுக்கு முன்னால் அப்பா எழுந்துவிடுவார்.

1996-இல் அப்பா பஹ்ரைனிலிருந்து நனைத்த தோர்த்துத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்த கம்பு. ஆற்றங்கரையில் அடிமரத்தில் கொத்துக் கொத்தாய்க் காய்க்குமே, அந்த நாட்டத்தி என்று நினைத்து ஊரில் எல்லோரும் சிரித்தார்களாம். நாட்டத்திக்கு அதன் குளவி வேண்டும். இதற்கு எந்தப் பூச்சியும் வேண்டாம், தானே காய்க்கும். அப்பா வந்தவர் போனவரிடமெல்லாம் இதைச் சொல்வார்.

இந்த மரம் நிற்கும் இடத்தில் கார் நிறுத்தப் போகிறார்கள். அம்மாவுக்குத் தெரியாது. தெரியும் என்றும் தோன்றுகிறது.

ஜூன் 19
இன்னொரு கம்பு வெட்டலாமா என்று மாமாவிடம் கேட்டேன். இப்போது இருப்பதெல்லாம் பச்சைக் கம்பு, இந்த ஈரத்தில் அழுகும் என்றார். இலை உதிர்ந்து மரம் உறங்கும்போது முற்றிய கம்பாக வெட்டணும். பதியம் போட நாளில்லை. ஆனாலும் இரண்டு வெட்டி மணலில் குத்தினேன்.

ஜூன் 23
தண்ணீர் விடவில்லை. பாட்டிலைக் கையில் தூக்கிப் பார்த்தேன், இன்னும் கனம். கனம் குறைந்தால் மட்டும் இரண்டு கரண்டி. கை பரபரக்கிறது. விடவில்லை.

ஜூன் 26
குத்திய இரண்டும் கறுத்துவிட்டன.

ஜூன் 27
அம்மா பாத்திரங்களைப் பிரிக்கிறாள். கொண்டுபோக வேண்டியது, கொடுக்க வேண்டியது. கொடுக்க வேண்டிய பக்கம் அவளுடைய உருளி. எடுத்து இந்தப் பக்கம் வைத்தேன். ராத்திரி பார்த்தால் மறுபடியும் அங்கே.

ஜூன் 29
தாளை விலக்கிப் பார்த்தேன். பாட்டில் சுவரையொட்டி ஒரு வெள்ளைக் கோடு. மணல் கீற்றாக இருக்கலாம்.

ஜூன் 30
மணல் இல்லை. நேற்றைவிட நீளம்.

வேர்!

ஜூலை 3
நுனி மொட்டு உப்பியிருக்கிறது. வேர் இப்போது மூன்று இடத்தில் தெரிகிறது. இந்த முறை வேர் முதலில். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தாள். "உங்கப்பாக்க மூக்கு மாதிரி கூம்பா இருக்கு" என்றாள். இந்த ஒரு மாதத்தில் இன்றுதான் அப்பா பேச்சை எடுத்தாள்.

ஜூலை 6
மூடியை ஒரு மணி நேரம் எடுத்து வைத்தேன். வாடவில்லை. நாளை இரண்டு மணி நேரம். உரம் எதுவும் கிடையாது.

ஜூலை 9
ஒரு ரூபாய் நாணய அளவில் இலை.

ஜூலை 12
மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். தக்கலையில் மழை, சுங்கான்கடையில் வெயில். அம்மா வழிநெடுக ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாள். பார்வதிபுரம் பாலத்தில் ஏறும்போது கையை நீட்டி பாட்டிலைப் பிடித்துக்கொண்டாள்.

ஜூலை 13
அம்மா சாப்பிடவில்லை.

ஜூலை 15
இரண்டாம் மாடி. இங்கே காற்று ரொம்ப. இலை ஓரம் லேசாகக் கருகியது, மூடியைத் திரும்பப் போட்டேன். வேர் அடி ஓட்டைவரை வந்துவிட்டது, கொஞ்சம் பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டும். வடசேரிப் பக்கம் ஆற்றுமணல் எங்கே கிடைக்கும் என்று காவல்காரரிடம் கேட்க வேண்டும். அம்மா ஒரு வாய் கஞ்சி குடித்தாள்.