மின்முனை எங்கே ஒட்டினீர்கள்?

முனைவர் பட்டத் தகுதித் தேர்வின் முடிவு சென்ற வெள்ளிக்கிழமை வந்தது. இரண்டாம் முயற்சியில் தேறினேன். தேர்வு நடைமுறையை அறிந்தவர்களுக்கே எழுதுவதால், முதன்முறை என்னைக் கவிழ்த்த ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

என் தலைப்பு இடத்தியல் அரைஉலோகங்களில், அதாவது எலக்ட்ரான் ஆற்றல் பட்டைகள் சில புள்ளிகளிலோ கோடுகளிலோ மட்டும் தொட்டுக்கொள்ளும் படிகங்களில், எலக்ட்ரான் கடத்தல். வைல் கணுக்கள் (பட்டைகள் தொடும் புள்ளிகள்), பெரி கட்டம் (எலக்ட்ரான் அலை ஒரு சுற்று வரும்போது சேரும் கூடுதல் கட்டம்), படிகங்களில் கைரல் அனாமலி (இணையான மின், காந்தப் புலங்களில் எலக்ட்ரான்கள் ஒரு கணுவிலிருந்து அதன் எதிர்க்கணுவுக்கு மாறுவது) பற்றி 1983இல் நீல்சனும் நினோமியாவும் முன்வைத்த வாதம் என அனைத்தையும் சிங்கப்பூரின் ஜூரோங் வட்டார நூலகத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்து படித்திருந்தேன். மின்னோட்டத்திற்கு இணையாகக் காந்தப்புலம் இருக்கையில் மின்தடை குறைவதைக் காட்டி, அதுவே அனாமலிக்குச் சான்று என்றேன். தேர்வாளர் ஒருவர், மின்முனைகளை எங்கே ஒட்டினீர்கள் என்று கேட்டார். வெள்ளிப் பசையால் மேற்பரப்பில் நான்கு பொட்டுகள் வைத்ததாகச் சொன்னேன். அத்தோடு முடிந்தது.

மறுவாரம் தேக்கா உணவங்காடியில் தேநீர் ஆறுவதற்குள், மேசை பிடிக்க வைத்திருந்த டிஷ்யூத் தாளில் ஆய்வகத்து அக்கா கணக்குப் போட்டுக் காட்டினார். நகர்திறன் (எலக்ட்ரான் எவ்வளவு எளிதாக நகரும் என்ற அளவு) வோல்ட்-நொடிக்கு 10 சதுர மீட்டர், புலம் 9 டெஸ்லா எனில் பெருக்கம் 90. ஒரே வகை மின்னூட்ட ஊர்தி மட்டும் உண்டு என்று கொள்ளும் எளிய கணக்கின்படி, புலத்திற்குக் குறுக்கான கடத்துதிறன் 1 + 90², அதாவது 8,101 மடங்கு குறையும், நெடுக்கில் மாறாது. ஆகவே பொட்டிலிருந்து கிளம்பும் மின்னோட்டம் படிகம் முழுதும் பரவாமல் புலத்தின் வழியே தாரையாக ஓடும். தாரையை விட்டு விலகிய மின்னழுத்த முனைகள் குறைந்த மின்னழுத்தத்தையே காண்பதால், தடையே குறைந்ததுபோல் தோன்றும். டான்டலம் ஆர்சனைடு வைல் அரைஉலோகம் என்று 2015இல் உறுதியானதைத் தொடர்ந்து வந்த அளவீடுகள் சிலவற்றின்மீது எழுந்த ஐயமும் இதுவே. “இவ்வளவு படிச்சிட்டு கரண்ட் எந்த வழியாப் போகுதுன்னு பார்க்காம விட்டுட்டியே தம்பி” என்றார்.

எனவே மின்னோட்ட முனைகள் படிகத்தின் இரு கடைப்பக்கங்களையும் முழுமையாக மூடட்டும். அழுத்த முனைகளில் ஓர் இணையை நடுக்கோட்டிலும் மற்றொன்றை விளிம்பிலும் வையுங்கள். இரண்டிலும் தடை குறைந்தால் அனாமலியைப் பற்றிப் பேசலாம்; விளிம்பில் குறைந்து நடுவில் ஏறினால் அந்தச் சொல்லையே எடுக்காதீர்கள். லாண்டாவ் விசிறி (காந்தப்புலத்தில் எழும் அலைவுகளுக்கு எண்ணிட்டு வரையும் படம்) வரைபவர்கள், எண்ணிடுவதற்கு முன் தடையைக் கடத்துதிறனாக மாற்றிக்கொள்ளுங்கள்.

எனக்கு வாதாட வராது, படம் இருந்தால் பேச்சு வரும். அதனால் இம்முறை நுண்ணோக்கியில் எடுத்த மாதிரியின் படத்தையே முதலில் வைத்தேன். அதே தேர்வாளர் மின்முனையைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. படிகத்தின் தடிமனை எப்படி அளந்தீர்கள் என்றுதான் கேட்டார்.