அப்பாவின் செப்சிஸும் ஒரு ட்ரோபோனின் ரிப்போர்ட்டும்

யூரின் இன்ஃபெக்‌ஷன் ரத்தத்தில் பரவி, செப்சிஸாகி, பிபி இறங்கியதும் அப்பாவை ஐசியூவில் சேர்த்துவிட்டோம். ஆன்டிபயாடிக், பிபியை ஏற்றும் நோராட்ரினலின் எல்லாம் தாமதமில்லாமல் தொடங்கினார்கள். எங்களை ஆட்டிப்படைத்தது ட்ரோபோனின்தான், அதாவது இதயத் தசை பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் கூடும் புரதம்.

முதலில் பார்த்த சின்ன ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டில் 0.09, மாற்றிய இடத்தில் 94. இரவு டியூட்டி டாக்டர் இரண்டையும் பார்த்துவிட்டு, "ஆயிரம் மடங்கு ஏறியிருக்கு, ஹார்ட் அட்டாக், ஆஞ்சியோவுக்குக் கையெழுத்துப் போடுங்க" என்றார். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று மில்லிலிட்டருக்கு நானோகிராம், மற்றது லிட்டருக்கு நானோகிராம். அப்படியென்றால் 0.09 என்பதே 90தானே! லேபில் கேட்டால் டாக்டரைக் கேளுங்கள் என்றார்கள், டாக்டரோ கார்டியாலஜிஸ்ட் காலையில் வருவார் என்று போய்விட்டார். கையெழுத்து மட்டும் நான் போடவில்லை.

காலையில் வந்தவர் பொறுமையாகச் சொன்னார். இரண்டு லேபும் வேறு வேறு கிட், நேராக ஒப்பிடவே கூடாது. ஒரே லேபில் சில மணி நேர இடைவெளியில் திரும்ப எடுத்து ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். எடுத்தார்கள், பெரிய மாற்றமில்லை. ஈசிஜியிலும் புதிதாக ஒன்றுமில்லை. எக்கோவில் (இதய ஸ்கேன்) மாரடைப்பில் போல ஒரு பகுதி மட்டும் அசையாமல் இல்லை, இதயம் முழுவதுமே சோர்ந்து துடித்தது, அது செப்சிஸில் வருவதுதானாம். கிட்னி வேலை குறைந்திருந்ததால் ட்ரோபோனினும், இதயம் திணறும்போது கூடும் பிஎன்பியும் இன்னும் கூடித் தெரியுமாம், அந்த நிலையில் ஆஞ்சியோ சாயம் கிட்னிக்கு வேறு ஆபத்து. அதற்காக அலட்சியம் வேண்டாம், செப்சிஸில் ட்ரோபோனின் ஏறியவர்களுக்கு ஆபத்து அதிகம் என்று கண்டிப்பாகவும் சொன்னார்.

அப்பா தேறினார், டிஸ்சார்ஜுக்கு முன் எடுத்த எக்கோவும் நன்றாக இருந்தது. அப்புறம் பார்த்தால் டிஸ்சார்ஜ் சம்மரியில் இரவு எழுதிய "மாரடைப்பு?" அப்படியே ஏறியிருக்கிறது! அதைப் பிடித்துக்கொண்டு இன்ஷூரன்ஸ்காரர்கள் பழைய இதய நோய்க்கான பேப்பர்களைக் கேட்டு கேஷ்லெஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். இல்லாத பேப்பருக்கு எங்கே போவது? 2018 சர்வதேச வரையறைப்படி ட்ரோபோனின் ஏறுவது மட்டுமே மாரடைப்பு ஆகாது. நெஞ்சுவலி, ஈசிஜி மாற்றம், எக்கோ மாதிரி வேறு ஆதாரமும் வேண்டும். கார்டியாலஜிஸ்ட் இதை எழுதிக் கொடுத்து, "செப்சிஸால் இதயத் தசை பாதிப்பு" என்று சம்மரியைத் திருத்திய பிறகுதான் பணம் பாஸானது.

ஐசியூவில் யாராவது இருந்தால் ஒவ்வொரு ட்ரோபோனின் ரிப்போர்ட்டையும் நேரம், லேப் பெயர், அலகு தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். சம்மரியை அச்சடிக்கும் முன்பே வாங்கி, டயக்னோசிஸ் வரியை வரிவரியாகப் படியுங்கள். திருத்தம் இருந்தால் ஃபைல் பில்லிங்குக்குப் போவதற்குள் கேட்டுவிடுங்கள், போனபின் ஒவ்வொரு கையெழுத்துக்கும் தனியாக அலைய வேண்டியிருக்கும்.