டிஸ்க் தெரியவில்லை என்றால் எங்கே பார்ப்பது?

லினக்ஸ் போட உட்காருகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: "பென் டிரைவிலிருந்து நன்றாக பூட் ஆகிறது, வைஃபைகூட வேலை செய்கிறது, ஆனால் எந்த டிஸ்கில் போடுவது என்று கேட்கிற இடத்தில் ஒன்றுமே காட்டவில்லை. கன்ட்ரோலர் டிரைவரை எங்கே இறக்குவது?" விண்டோஸ் பழக்கத்தில் வருகிற கேள்வி. லினக்ஸில் டிஸ்க் கன்ட்ரோலர் (டிஸ்கோடு பேசும் சிப்) டிரைவர்கள் பெரும்பாலும் கெர்னலோடு, அதாவது சிஸ்டத்தின் மையப் பகுதியோடு, சேர்ந்தே வந்துவிடுகின்றன, தனியாகத் தேட வேண்டிய நிலை அபூர்வம். அதனால் நான் முதலில் சொல்வது, டிரைவரைத் தேடாதீர்கள், மதர்போர்டு சிப்பில் தொடங்கி ஃபைல் சிஸ்டம் வரைக்கும் உள்ள பாதையில் எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று பாருங்கள் என்பதுதான். அது தெரியாமல் டிஸ்ட்ரோ (லினக்ஸின் ஒரு வகை) மாற்றி டிஸ்ட்ரோ போட்டுப் பார்ப்பதில் ஒரு நாள் முழுக்கப் போய்விடும்.

டெர்மினலைத் திறந்து, மதர்போர்டில் உள்ள சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை என்என்கே என்ற சேர்க்கையோடு கொடுங்கள். கன்ட்ரோலரின் பெயர், அதன் வகை எண், அந்த சிப்புக்கே உரிய அடையாள எண், அதன் கீழே இப்போது எந்த டிரைவர் அதைப் பிடித்திருக்கிறது என்று எல்லாம் வரும். வகை எண்ணைக் கட்டாயம் பாருங்கள். 0106 என்றால் சாட்டா (பழைய வகை டிஸ்க் இணைப்பு), 0108 என்றால் என்விஎம்இ (புதிய, வேகமான எஸ்எஸ்டி இணைப்பு), 0104 என்றால் ரெய்டு (பல டிஸ்க்களை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் முறை). கன்ட்ரோலர் பட்டியலிலேயே இல்லை என்றால் பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரை) அணைத்து வைத்திருக்கலாம், அல்லது ஹார்டுவேரே போயிருக்கலாம், டிரைவர் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. கன்ட்ரோலர் இருக்கிறது, ஆனால் 'பயன்பாட்டில் உள்ள டிரைவர்' என்ற வரி இல்லை என்றால்தான் டிரைவர் பக்கம் திரும்ப வேண்டும்.

லேப்டாப்களில் நான் அதிகம் பார்ப்பது 0104தான். சாதாரண லேப்டாப், உள்ளே ஒரே ஒரு எஸ்எஸ்டி, ஆனாலும் கன்ட்ரோலர் ரெய்டு என்று சொல்கிறது. இன்டெல்லின் ஆர்எஸ்டி என்ற ரெய்டு அமைப்பை ஆன் செய்தே கடைக்கு அனுப்புகிறார்கள். சில மாடல்களில் அந்த நிலையில் என்விஎம்இ டிஸ்க், சாட்டா கன்ட்ரோலரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், பிசிஐ பட்டியலில் தனியாக வரவே வராது. கெர்னல் இதைத் தெளிவாகவே சொல்கிறது. கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையைக் கொடுத்து ஏஹெச்சிஐ (ரெய்டு இல்லாத சாதாரண சாட்டா முறை) என்று தேடினால், 'ரீமேப் செய்யப்பட்ட என்விஎம்இ சாதனம் ஒன்று இருக்கிறது, பயன்படுத்த வேண்டுமானால் பயாஸை ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐக்கு மாற்றுங்கள்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் இரண்டு வரி இருக்கும். வழியையே சொல்லிக்கொடுக்கிற செய்தி, ஆனால் இன்ஸ்டாலரின் அழகான திரைக்குப் பின்னால் கிடப்பதால் யாரும் படிப்பதில்லை. இப்படி ஒளிந்த டிஸ்கை லினக்ஸில் ஓட்டுவதற்கான பேட்ச்கள் (கெர்னல் திருத்தங்கள்) 2016லும் 2019லும் வந்தன, கெர்னலைப் பராமரிப்பவர்கள் ஏற்கவில்லை. அவர்கள் செய்தது சரி என்றே நினைக்கிறேன், டிஸ்கை ஒளித்து வைக்கிற ஏற்பாட்டுக்கு மேல் நம் டேட்டாவை வைப்பது நல்லதில்லை.

பயாஸில் மாற்றுவதற்கு முன் ஒரு விஷயம். அதே லேப்டாப்பில் விண்டோஸும் வேண்டும் என்றால் நேரே மாற்றாதீர்கள், அடுத்த பூட்டில் நீலத் திரைதான் வரும். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) இருந்தால் மீட்புச் சாவியை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் எம்எஸ்கான்ஃபிக்கில் சேஃப் பூட்டைத் தேர்வு செய்து ரீஸ்டார்ட் கொடுத்து, நேரே பயாஸுக்குப் போய் ஏஹெச்சிஐ ஆக்கி, விண்டோஸை ஒரு முறை சேஃப் மோடில் ஏற விட்டு, பிறகு அந்தத் தேர்வை எடுத்துவிட்டால் பெரும்பாலும் சிக்கல் இல்லாமல் போய்விடும். 11ஆம் தலைமுறை இன்டெல்லிலிருந்து லேப்டாப்களில், என்விஎம்இ டிஸ்கை இதேபோல் ஒளிக்கிற விஎம்டி என்ற பெயரைப் பார்ப்பீர்கள். அதற்கு லினக்ஸில் விஎம்டி என்ற பெயரிலேயே டிரைவர் இருக்கிறது, புதிய கெர்னல் என்றால் அணைக்காமலே டிஸ்க் தெரியும். அந்த லேப்டாப்களில் பல சமயம் விண்டோஸ் இன்ஸ்டாலரே தனி டிரைவர் கொடுக்காமல் டிஸ்கைக் காட்டுவதில்லை, ஆகவே இதை லினக்ஸின் குறை என்று சொல்வது நியாயமில்லை.

சரி, டிஸ்க் தெரிகிறது, ஆனால் நடுநடுவே உறைந்து நிற்கிறது. பெரிய ஃபைல் காப்பி செய்யும்போது அரை நிமிடம் எல்லாம் நின்றுவிட்டு மறுபடி ஓடுகிறது. இந்த இடத்தில்தான் டிரைவர்மேல் அதிகம் பழி விழுகிறது, இங்கேதான் லாக்கை வரி வரியாகப் படிக்க வேண்டும். 'ரைட் எஃப்பிடிஎம்ஏ க்யூட்' கட்டளை தோற்றது என்று ஒரு வரி, கீழே பிழையின் விவரம், அதற்கும் கீழே 'ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்', கொஞ்ச நேரத்தில் 'லிங்க் அப் 6.0 ஜிபிபிஎஸ்', சில தடவை இப்படி ஆனபிறகு 'வேகத்தை 3.0க்குக் குறைக்கிறேன்' என்று ஒரு அறிவிப்பு. இதில் பிழை விவரம் உள்ள வரிதான் முக்கியம். அங்கே ஐசிஆர்சி என்று இருந்தால், கன்ட்ரோலருக்கும் டிஸ்குக்கும் நடுவே போகும்போது டேட்டா கெட்டிருக்கிறது, அதாவது கேபிள், கனெக்டர், சில சமயம் பவர் சப்ளை. யுஎன்சி என்று இருந்தால் டிஸ்கால் தன் மேல் எழுதியிருப்பதையே படிக்க முடியவில்லை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

டிஸ்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையில் வரும் பட்டியலில் 199ஆவது எண் சிஆர்சி பிழைகளின், அதாவது வழியில் டேட்டா கெட்டதன், கணக்கு. அது ஏறிக்கொண்டே போய், 5ஆவதும் (கெட்டு மாற்றப்பட்ட பகுதிகள்) 197ஆவதும் (படிக்க முடியாமல் நிற்கும் பகுதிகள்) பூஜ்யத்திலேயே இருந்தால் டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது, முதலில் கேபிளை மாற்றுங்கள். கேபிள் மாற்றிய பிறகும் 199 குறையாது, அந்தக் கணக்கு ஏறத்தான் செய்யும், இறங்காது. மேற்கொண்டு ஏறாமல் நின்றுவிட்டதா என்பதுதான் கேள்வி. 197 ஏறுகிறது என்றால் ஆராய்ச்சியெல்லாம் பிறகு, இருக்கிற டேட்டாவை வேறு டிஸ்குக்கு உடனே எடுங்கள்.

கேபிளுக்கு அந்தப் பக்கம், மதர்போர்டு சிப்பிலும் ஒரு முறை கோளாறு வந்திருக்கிறது. 2011 ஜனவரி 31 அன்று இன்டெல் தன் 6 வரிசை சிப்செட்டில் குறை இருப்பதாக அறிவித்தது. 3 ஜிபிபிஎஸ் சாட்டா போர்ட்கள், அதாவது 2 முதல் 5 வரை, நாளாக ஆக வலுவிழக்கலாம், 0வும் 1உம் பாதிக்கப்படாது என்றார்கள். அந்தக் காலத்து போர்டு செகண்ட்ஹேண்டில் கையில் இருந்தால், டிஸ்கை முதல் இரண்டு போர்ட்களில் ஒன்றுக்கு மாற்றிப் பார்ப்பது நல்லது.

இன்னொரு வகை, நேற்று வரை ஓடிய சிஸ்டம். டிஸ்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் பூட் ஆகவில்லை. கெர்னல் ரூட் ஃபைல் சிஸ்டத்தை (சிஸ்டம் முழுவதும் இருக்கும் இடம்) மவுன்ட் செய்யும் முன், அந்த டிஸ்கைப் படிக்கும் டிரைவர் வேண்டும். டிரைவர் மாட்யூலோ அந்த டிஸ்கிலேயே இருக்கிறது, பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். இதற்காகத்தான் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சின்னக் கட்டு முதலில் மெமரியில் ஏறுகிறது. ஃபெடோராவில் டிராகட் என்ற கருவி அந்தக் கட்டைச் செய்யும்போது இருக்கிற மெஷினுக்கு வேண்டியதை மட்டும் போடும், புது மெஷினின் கன்ட்ரோலர் வேறு என்றால் அதற்கான டிரைவர் உள்ளே இருக்காது. பூட் மெனுவில் ரெஸ்க்யூ என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் எல்லா டிரைவர்களும் உள்ள கட்டோடு ஏறும். உள்ளே போய் டிராகட்டை 'ரீஜெனரேட் ஆல்', 'ஃபோர்ஸ்' என்ற இரண்டோடும் ஓட்டினால் வேலை முடிந்தது, ரீஇன்ஸ்டால் தேவையே இல்லை. டெபியனும் உபுண்டுவும் பெரும்பாலான டிரைவர்களைப் போட்டே கட்டுவதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு. பூட் ஆகாமல் கெர்னல் நின்றுவிடும்போது வரும் பேனிக் செய்தியின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் இரண்டு எண்களையும் கவனியுங்கள். 0,0 என்றால் கெர்னலுக்கு அப்படி ஒரு டிஸ்கே தெரியவில்லை. 8,1 போல வந்தால் டிஸ்க் தெரிகிறது, ஃபைல் சிஸ்டத்தில்தான் சிக்கல்.

பழைய சர்வர் வாங்கியவர்களுக்கு. ரெட் ஹாட் 2019இல் தன் சர்வர் லினக்ஸின் 8ஆம் பதிப்பை விட்டபோது பழைய ரெய்டு, எஸ்ஏஎஸ் (சர்வர் டிஸ்க்களுக்கான இணைப்பு) கார்டுகள் பலவற்றின் அடையாள எண்களை டிரைவரிலிருந்து எடுத்துவிட்டது, எல்எஸ்ஐயின் எஸ்ஏஎஸ்2008 சிப் அதில் ஒன்று. டிரைவர் இருக்கிறது, ஆனால் உங்கள் கார்டை அது தன்னுடையது என்று ஏற்காது. அதே சர்வரில் டெபியன் பென் டிரைவைப் போட்டால் டிஸ்க்கள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். நன்றாக ஓடுகிற இரும்பை இப்படி ஒதுக்கியதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நல்ல வேளை, இது திறந்த மூலம், எல்ரெப்போ குழு அந்த டிரைவர்களைத் தனியாகக் கட்டித் தருகிறது, இன்ஸ்டால் செய்யும்போதே ஏற்றிக்கொள்ள டிரைவர் டிஸ்கும் உண்டு. ரெட் ஹாட்டைப் பின்பற்றிக் கட்டப்படும் ஆல்மாலினக்ஸ் 9.4இல் இப்படி விடுபட்ட கார்டுகள் பலவற்றுக்கு ஆதரவைத் திரும்பச் சேர்த்தார்கள்.

இதெல்லாம் பார்த்தும் தீரவில்லை என்றால், அப்போதுதான் டிரைவரிலேயே பிழை இருக்கலாம் என்று நான் யோசிப்பேன். பழைய கெர்னலில் ஓடியது, புதியதில் ஓடவில்லை என்பது இருப்பதிலேயே பலமான சாட்சி, அதனால் அப்டேட் செய்ததும் பழைய கெர்னலை அழித்துவிடாதீர்கள். பூட் ஆகும்போது கெர்னலுக்குக் கொடுக்கும் வரியில் லிபாட்டாவுக்கு (சாட்டா டிஸ்க்களை ஓட்டும் கெர்னல் பகுதி) என்சிக்யூ (பல கட்டளைகளை க்யூவில் போட்டு அனுப்பும் முறை) வேண்டாம் என்று சொல்லி ஒரு முறை ஓட்டிப் பாருங்கள், பிழை நின்றுவிட்டால் டெவலப்பருக்கு அது பெரிய துப்பு. சில சாம்சங் எஸ்எஸ்டிகளில் க்யூவில் போடும் ட்ரிம்மை (எந்த இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் கட்டளை) கெர்னலே தவிர்ப்பது இப்படிப் பயனர்கள் விடாமல் புகார் எழுதியதால்தான். எழுதும்போது வேலை செய்த கெர்னல் எண், செய்யாத கெர்னல் எண், சிப்பின் அடையாள எண், டிஸ்கின் ஃபர்ம்வேர் பதிப்பு, பூட் ஆனதிலிருந்து பிழை வரைக்கும் வெட்டாத முழு லாக், இவ்வளவும் சேருங்கள். பிழை வந்த கடைசிப் பத்து வரியை மட்டும் ஒட்டுவது பயன்படாது, கன்ட்ரோலரை டிரைவர் எப்படிப் பிடித்தது என்ற விவரம் லாக்கின் தொடக்கத்தில்தான் இருக்கிறது.