ப்ரூஃப்தானே பார்த்தீர்கள் என்றார்கள்: 11,400 ராண்டுக்குப் பத்து மாதம்

ஒரு புத்தகத்தை எடிட் செய்ததற்கு வர வேண்டிய பணத்தின் கடைசித் தவணை போன வியாழக்கிழமை கணக்கில் ஏறிவிட்டது. மூன்று தவணையாக மொத்தம் 11,400 ராண்ட். வேலையை முடித்துக் கொடுத்துப் பத்து மாதம் ஆகிறது. தென்னாப்பிரிக்காவில், டர்பனில் வீட்டிலிருந்தே எடிட்டிங் வேலை எடுக்க நினைக்கும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லை.

சென்னையில் பாடநூல் பதிப்பகம் ஒன்றில் ஆறு வருடம் ஆங்கில எடிட்டராக இருந்தேன். இங்கே நிரந்தர வசிப்புரிமை கிடைத்த பிறகு தனியாகத் தொடங்கினேன். முதலில் வந்ததெல்லாம் பல்கலைக்கழக ஆய்வேடுகள். எடிட்டர் கையெழுத்திட்ட கடிதத்தை ஆய்வேட்டோடு சேர்த்துக் கேட்கும் துறைகள் இங்கே நிறைய உண்டு, அதனால் வேலைக்குப் பஞ்சமில்லை. புரொஃபஷனல் எடிட்டர்ஸ் கில்ட் என்ற எடிட்டர்கள் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்ததும் பெரிய உதவி. அவர்களுடைய பட்டியலைப் பார்த்துத்தான் பாதிப் பேர் என்னைத் தேடி வந்தார்கள்.

அப்புறம்தான் அந்தப் புத்தகம் வந்தது. டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வர்த்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் குடும்ப வரலாற்றை எழுதியிருந்தார். 76,000 சொற்கள். ஒரு சிறிய பதிப்பாளரிடம் முழுப் பணத்தையும் கட்டிவிட்டார். பதிப்பாளர் எடிட்டிங்கை என்னிடம் கொடுத்தார், சொல்லுக்கு 15 சென்ட். ஐந்து பக்கம் மாதிரிக்குத் திருத்தி அனுப்பினேன். 'நன்றாக இருக்கிறது, தொடருங்கள்' என்று ஒரே வரியில் பதில் மின்னஞ்சல் வந்தது. அது போதும் என்று நினைத்துவிட்டேன்.

இந்த வேலையில் கஷ்டம் பெயர்களில்தான். 1860 முதல் 1911 வரை டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 152,184 பேர். இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து, பெயரைக் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டார்கள். அதனால் ஒரே தாத்தா கப்பல் பட்டியலில் ஒரு மாதிரி, திருமணப் பதிவில் ஒரு மாதிரி, நிலப் பத்திரத்தில் இன்னொரு மாதிரி இருப்பார். படையாச்சி என்ற குடும்பப் பெயரை ஆசிரியர் ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் இரண்டு ஈ போடுகிறார், அவர் தம்பி ஒரே ஒரு ஐ போடுகிறார். எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிட இருந்தேன். போனில் கேட்டதும் ஆசிரியர் அங்கிள் பதறிவிட்டார். "அதைத் தொடாதேம்மா, அவன் பர்த் சர்டிஃபிகேட்டில் அப்படித்தான் இருக்கிறது." அன்றைக்கே நாற்பத்து மூன்று பெயர்களுக்கு ஒரு அட்டவணை போட்டேன். யார், எந்த ஆவணத்தில், எந்த எழுத்தில் என்று ஒவ்வொன்றையும் அவரிடம் கேட்டுக் கேட்டு நிரப்பினேன். அந்த அட்டவணைக்கே ஒன்பது சாயங்காலம் ஆனது.

இன்வாய்ஸ் அனுப்பி இரண்டு மாதம் சத்தமே இல்லை. பிறகு வந்த பதில்: "ப்ரூஃப் பார்க்கத்தானே கொடுத்தோம். நீங்களாக எடிட் செய்துவிட்டு அதற்குப் பணம் கேட்டால் எப்படி?" ப்ரூஃப் என்றால் அச்சுக்கு முன் பிழை மட்டும் பார்ப்பது, எடிட்டிங் என்றால் வாக்கியங்களையே சீர் செய்வது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

கில்டில் ஒரு அக்காதான் ஸ்மால் க்ளெய்ம்ஸ் கோர்ட்டைப் பற்றிச் சொன்னார், சிறு தொகை வழக்குகளுக்கான நீதிமன்றம். 20,000 ராண்ட் வரை அங்கே கேட்கலாம். வக்கீல் வைக்க முடியாது, எதிராளிக்கும் அதே விதிதான். இதைவிட முக்கியமான ஒன்று: தனி மனிதர்தான் அங்கே வழக்குப் போட முடியும். கம்பெனியாகப் பதிவு செய்து கம்பெனி பெயரில் இன்வாய்ஸ் போடுகிறவர்களுக்கு இந்தக் கதவு கிடையாது. நான் என் சொந்தப் பெயரிலேயே போட்டிருந்ததால் பிழைத்தேன்.

முதல் நாள் வீண். எங்கள் பகுதி கோர்ட்டுக்குப் போனேன், ஆனால் எதிராளி தொழில் நடத்தும் இடத்து கோர்ட்டில்தான் போட வேண்டுமாம், அவர் அலுவலகமோ வேறு ஊரில். இரண்டு மினிபஸ் மாறி அங்கே போனால், கவுண்டரில் இருந்தவர் என் காகிதங்களைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "டிமாண்ட் லெட்டர் கொடுத்ததற்கு அத்தாட்சி எங்கே?" என்றார். வழக்குக்கு முன் பணத்தைக் கேட்டு எதிராளிக்கு எழுதும் கடிதம் அது. நான் அதை மின்னஞ்சலில்தான் அனுப்பியிருந்தேன். கையில் நேராகக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். அதிலிருந்து பதினான்கு நாள் அவகாசம் தர வேண்டும். அந்த இரண்டு வாக்கியத்தை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும். பிறகு நானும் என் கணவருமாக அந்த அலுவலகத்துக்கே போய்க் கடிதத்தைக் கொடுத்து, நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொண்டோம். சம்மன் வேலை சிரமமில்லாமல் முடிந்தது.

விசாரணையில் கமிஷனர், அங்கே நீதிபதி இடத்தில் இருப்பவர், முதலில் கேட்டது ஒப்பந்தம். என்னிடம் இல்லை. அந்த ஐந்து பக்க மாதிரியையும் 'தொடருங்கள்' மின்னஞ்சலையும் கொடுத்தேன். மாதிரியில் வாக்கியங்களை மாற்றியிருந்தது, ஓரத்தில் கேள்விகள் எழுதியிருந்தது எல்லாமே, திருத்தங்களைக் காட்டும் ட்ராக் சேஞ்சஸ் வசதியில் சிவப்பாகத் தெரிந்தது. அவர் அதை நிதானமாகப் படித்தார். பதிப்பாளர் பக்கம் திரும்பி, "இதைப் பார்த்த பிறகுதானே தொடரச் சொன்னீர்கள்?" என்றார். அந்த ஒரு கேள்வியில் என் வயிற்றில் இருந்த கல் இறங்கியது. முழுத் தொகைக்கும் தீர்ப்பு. அங்கே அப்பீலும் கிடையாது.

இப்போது எந்த வேலைக்கும் முதலில் ஒரு பக்கக் கடிதம் போகிறது. ப்ரூஃபா, காப்பி எடிட்டா, அமைப்பையே மாற்றும் வேலையா என்று அதில் தெளிவாக இருக்கும். எத்தனை சுற்று, என்ன தொகை, பாதி முன்பணம் என்பதும் இருக்கும். நடுவில் ஒரு பதிப்பாளர் இருந்தால் எழுத்தாளரிடம் எனக்கு நேரடித் தொடர்பு வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுகிறேன். வருகிற பணத்தில் கால் பங்கை வரிக்குத் தனியாக எடுத்து வையுங்கள். ஆகஸ்ட் கடைசியிலும் பிப்ரவரி கடைசியிலும் ப்ரொவிஷனல் டாக்ஸ், அதாவது முன்கூட்டிய வருமான வரி, கட்ட வேண்டிவரும், அந்த நேரத்தில் கை காலியாக இருந்தால் சிரமம்.

திங்கட்கிழமை ஒரு புது ஆய்வேடு வந்தது, அவசரம் என்றார்கள். கடிதத்தை அனுப்பிவிட்டு, கோப்பைத் திறக்காமல் இருந்தேன். இன்று காலை கையெழுத்தோடு திரும்பி வந்தது. இனிமேல்தான் முதல் அத்தியாயத்தைத் திறக்க வேண்டும்.