கம்பிதான் உமக்கு நூலு

தூத்துக்குடியில் கிட்டார் வைத்திருப்பவன் பாவம். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம். புதுக் கம்பி மாட்டி மூன்றே வாரத்தில் விரலில் கறுப்பு ஒட்டும். கம்பி போனால் மாற்றிக்கொள்ளலாம். மரம் ஈரம் குடித்தால்?

சர்ச் கொயரில் நான்தான் கிட்டார். போன டிசம்பர் கேரல் ரவுண்ட்ஸ் தொடங்கும்போது என் அக்கூஸ்டிக்கில் கம்பி எம்பி நின்றது. கழுத்தின் குறுக்கே வரிசையாகப் பதித்த உலோகப் பட்டைகள்தான் ஃப்ரெட்; பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் மூன்றரை மில்லிமீட்டர் சந்து. எஃப் கார்டு பிடித்தால் ஆள்காட்டி விரலில் பள்ளம் விழும். ஒரு ராத்திரிக்கு இருபது வீடு என்றால் யோசித்துப் பாருங்கள். கொயரில் ஒருவர் சொன்னார், "ட்ரஸ் ராடை இறுக்கினா கம்பி இறங்கிரும்." கிட்டார் கழுத்துக்குள் நீளவாக்கில் ஓடுகிற இரும்புத் தண்டுதான் ட்ரஸ் ராடு. அவர் வாசிப்பது கீபோர்டு என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை.

சவுண்ட் ஹோலுக்குள் கைவிட்டால் ஃப்ரெட்போர்டுக்குக் கீழே அந்த ராடின் நட்டு தட்டுப்படும். ஆலன் கீயை, அதாவது ஆறுமூலைச் சாவியைச் சொருகி முழுசாக ஒரு சுற்று இறுக்கினேன். சும்மா சொல்லக் கூடாது, கம்பி இறங்கியது. அன்றைக்கு ராத்திரி ராஜா மாதிரி தூங்கினேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஈ மேஜர் அடித்தால் கிர்ர்ர் என்று தகரத்தை இழுக்கிற சத்தம். முதல் மூன்று நான்கு ஃப்ரெட் எல்லாமே அப்படி.

ஆர்மோனியம் பழுது பார்க்கிற அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார், பழைய தச்சர். கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போனேன். கருவிப் பெட்டியை அவர் தொடவே இல்லை.

"ட்யூன்ல இருக்கா?"

"இருக்கு அண்ணாச்சி."

"மொத ஃப்ரெட்டையும் பதினாலாம் ஃப்ரெட்டையும் அமுக்கிப் பிடியும் வே. நடுவுல எவ்வளவு சந்து தெரியுதுன்னு பாரும். கம்பிதான் உமக்கு நூலு."

பலகை நேராக இருக்கிறதா என்று தச்சர் நூல் பிடித்துப் பார்ப்பாரே, அதேதான். இழுத்துக் கட்டிய கம்பியை விட நேரான கோடு வேறு எங்கே கிடைக்கும்? அமுக்கிப் பார்த்தேன். சந்தே இல்லை, கம்பி ஃப்ரெட்டுகள் மேல் படுத்துக் கிடந்தது. நான் இறுக்கிய இறுக்கில் கழுத்து பின்பக்கம் வளைந்திருந்தது.

கழுத்து ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இருக்கக் கூடாது என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அதிரும் கம்பி நடுப்பகுதியில்தான் அதிகம் அகலும். அதற்கு இடம் விட்டு, கழுத்து கம்பிப் பக்கமாக மிக லேசாகக் குழிந்திருக்க வேண்டும். ஏழாம் ஃப்ரெட் பக்கத்தில் கால் மில்லிமீட்டர் சந்து போதும். தச்சுக் கணக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. இது அந்த நூலிலும் ஏறக்குறைய பதின்மூன்றில் ஒன்றுதான். பைக் மெக்கானிக் தம்பியிடம் டேப்பட் பார்க்கிற ஃபீலர் கேஜை, அதாவது சந்துக்குள் நுழைத்து அளக்கிற மெல்லிய தகடுகளை, வாங்கி வந்து அளந்தேன்.

பன்னிரண்டாம் நம்பர் தடிமனில் கம்பி ஆறும் சேர்ந்து ஏறக்குறைய எழுபது கிலோ இழுவையில் நிற்கின்றன. ஒரு ஆள் ராப்பகலாகத் தொங்குகிற மாதிரி. அந்த இழுப்புக்கு எதிர் இழுப்புத்தான் கழுத்துக்குள் ஓடும் அந்த ட்ரஸ் ராடு. அமெரிக்காவில் கிட்டார் செய்யும் கிப்ஸன் கம்பெனியில் வேலை பார்த்த தாடியஸ் மெக்ஹ்யூ 1921-ல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். இன்னொரு கிட்டார் கம்பெனியான மார்ட்டினோ, திருகிச் சரிசெய்யும் ராடை 1985-ல்தான் போட ஆரம்பித்தது. நான் படிக்கிற காலத்தில் வாங்கிய மலிவு கிட்டாரில் திருக எதுவுமே கிடையாது. அது வில்லாக வளைந்து இப்போது சுவரில் தொங்குகிறது.

குழாய் மாதிரிதான்: வலப்பக்கம் திருகினால் இறுகும், குழிவு குறையும்; இடப்பக்கம் தளரும், குழிவு கூடும். கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் போகவே கூடாது. திருகி, மறுபடி ட்யூன் செய்து, அளந்து, ஒரு ராத்திரி அப்படியே விட வேண்டும். மரம் நம் அவசரத்துக்கு வராது. இன்னொன்று, சாவி சரியான அளவில் இருக்கட்டும். 5 மில்லிமீட்டர் நட்டில் 3/16 அங்குலச் சாவி நுழையும், ஆனால் அது 4.76 மில்லிமீட்டர்தான். அந்தக் கொஞ்சூண்டு ஆட்டத்தில் நட்டின் முனை மழுங்கிவிட்டால், பிறகு ஆசாரியும் கை விரித்துவிடுவார்.

நான்கு நாளில், தவணை முறையில், நான் இறுக்கியதை எல்லாம் தளர்த்தினேன். கால் மில்லிமீட்டர் சந்து வந்தது, கிர்ர் போனது. கம்பி பழையபடி எம்பி நின்றது!

"இப்பதான் வே நோயைப் பாக்கணும்," என்றார் அண்ணாச்சி. கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜுக்குப் பின்னால் கையை வைத்துக் காட்டினார். ஈரம் குடித்து மேல்பலகை வயிறு மாதிரி உப்பியிருந்தது. கம்பியைத் தூக்கியது அதுதான், கழுத்து இல்லை. பிரிட்ஜில் கம்பிகளைத் தாங்கும் சின்னப் பட்டையான சேடிலைக் கழற்றி, கண்ணாடி மேல் உப்புத்தாளை வைத்து அடிப்பக்கத்தைத் தேய்க்கச் சொன்னார். பன்னிரண்டாம் ஃப்ரெட் கம்பி நீளத்தின் சரிபாதி. அங்கே ஒரு மில்லிமீட்டர் இறங்க வேண்டுமானால் சேடிலில் இரண்டு தேய்க்க வேண்டும். ஒன்று தேய்த்து, மாட்டிப் பார்த்து, இன்னொன்று தேய்த்தேன். இரண்டரை மில்லிமீட்டரில் வந்து நின்றது.

அதற்குள் கிறிஸ்துமஸ் முடிந்து புதுவருஷமும் வந்துவிட்டது. கேரல் ரவுண்ட்ஸ் முழுக்க இரவல் கிட்டாரில்தான் ஓடியது.

இந்த வருஷம் ஐப்பசி மழைக்கு முன்னாலும் பின்னாலும் அளந்து நோட்டில் எழுதினேன். 0.25, 0.30. ராடைத் தொடவில்லை. ஃபீலர் கேஜைக் கேட்டு மெக்கானிக் தம்பி இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டான்.